ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளில் இரண்டு குழாய்கள் ஏறுவதைப் பார்க்கலாம். ஒன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தரைமட்டத் தொட்டியிலிருந்து வருவது. இன்னொன்று ஊராட்சியின் பழைய ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, அதாவது போரிலிருந்து, வருவது. மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டும் ஒரே தண்ணீர். தெருக்குழாயில் காவிரி எவ்வளவு, போர் தண்ணீர் எவ்வளவு என்பது அன்றைக்கு எந்த வால்வு எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்பதைப் பொறுத்தே அமையும். ஆற்றிலும் போரிலும் பரிசோதனை நடக்கிறது, ஆய்வகங்கள் இருக்கின்றன, பதிவேடுகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடின் கண்காணிப்பு நழுவும் இடம் இந்தத் தொட்டிதான்.

புளோரைடு இங்கே ஆலைக்கழிவாக வந்ததல்ல. நிலத்தின் அடியில் கிடக்கும் கடினப் பாறையிலேயே அது இருக்கிறது. நைஸ், சார்னோக்கைட் போன்ற பாறைகளில் ஹார்ன்பிளெண்ட், பயோடைட், அபடைட் எனப் புளோரைடு அடங்கிய கனிமங்கள் உண்டு. மழைநீர் விரிசல் வழியாக இறங்கி நாள்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கும்போது அது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நிறைய இருந்தால் புளோரைடு அதனுடன் சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த, காரத்தன்மையுள்ள தண்ணீரில் அப்படிப் படிய வழியில்லை. அதனால்தான் குடிக்க இதமாக, சோப்பு நன்றாக நுரைக்கும் சில போர்களில் புளோரைடு மிகுந்திருக்கிறது. நாக்கை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. புளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, குடிநீரில் இருக்கும் அளவுக்குச் சுவையும் இல்லை.

ஆழமும் இதில் சேர்ந்துகொள்கிறது. திறந்தவெளிக் கிணற்று நீர் மழையோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட்டது. ஏரிகள் நிரம்பிய காலத்தில் அதுவே குடிநீர். கிணறுகள் வற்றி, போர் 500 அடி, 800 அடி, ஆயிரம் அடி என்று இறங்க இறங்க, பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர் மேலே வருகிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2003இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 2013இல் நீக்கப்பட்டது. குடிநீர்த் தரத்தைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை; பேசியாக வேண்டும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) புளோரைடுக்கு இரண்டு எண்களைச் சொல்கிறது. லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். நம் ஊரில் பேச்சு எப்போதும் 1.5ஐப் பற்றியே இருக்கிறது. ஒகேனக்கல் குழாய் வந்த ஊருக்கு வேறு நீராதாரம் இருக்கிறது என்றுதானே பொருள்? அப்படியென்றால் அங்கே அளவுகோல் 1.0 ஆகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: உடலுக்குள் போகும் அளவைத் தீர்மானிப்பது எத்தனை லிட்டர் குடிக்கிறோம் என்பது. ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிப்பவருக்கு 1.5 அளவுள்ள தண்ணீரில் 3 மில்லிகிராம் சேரும். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ வெயிலில் களை எடுப்பவர், செங்கல் சூளையில் நிற்பவர் 5 லிட்டர் குடிப்பது சாதாரணம். அவருக்கு அதே தண்ணீரில் 7.5 மில்லிகிராம்.

இந்த நிலைமைக்காகவே வந்தது ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம். புளோரைடு மிகுதியால் வரும் நோய்தான் புளோரோசிஸ்; திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயர் இருக்கிறது. ஜப்பான் நிதி உதவியுடன் ரூ.1,928.80 கோடியில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றியது. 2008 பிப்ரவரியில் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்க விழா. மூன்று நகரங்கள், பேரூராட்சிகள், 6,755 ஊரகக் குடியிருப்புகள் என்பது திட்டத்தின் பரப்பு. காவிரியில் எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். ஒகேனக்கல் பள்ளத்தில் இருக்கிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் மின்சாரம் நின்றாலோ, பெரிய குழாய் உடைந்தாலோ, கடைசியில் இருக்கும் ஊருக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். ஆற்று நீரில் புளோரைடு குறைவு என்பதால் திட்டத்தின் அடிப்படை சரியானது. இது இல்லாவிட்டால் இந்த இரண்டு மாவட்டங்களின் நிலை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ஆனால் திட்ட நீர் ஒரு ஊரின் முழுத் தேவைக்கும் எல்லா நாளும் போதாது. துவைக்க, குளிக்க, மாட்டுக்கு, கழிவறைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். குறையும் அளவை ஊராட்சி தன் போரிலிருந்து நிரப்புகிறது. தண்ணீர் வரவில்லை என்றால் காலிக்குடத்தோடு சாலைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே நிரப்புகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. தொட்டி 30,000 லிட்டர். ஆற்று நீரில் புளோரைடு 0.3, போரில் 3.0 என்று வைத்துக்கொள்வோம். ஆற்று நீர் மூன்று பங்கு, போர் நீர் ஒரு பங்கு என்றால் கலவையில் ஏறத்தாழ 0.98. எல்லைக்குள் வந்துவிடும். பாதிக்குப் பாதி என்றால் 1.65. திட்ட நீர் குறைந்து 10,000 லிட்டர் மட்டும் வந்து, மீதி 20,000 லிட்டர் போரிலிருந்து ஏறினால் 2.1. ஒரே ஊர், ஒரே குழாய், ஒரே வாரத்தில் இந்த மூன்றும் நடக்கலாம். அதிகாரப்பூர்வ ஆவணத்தில் அந்த ஊர் 'ஒகேனக்கல் நீர் பெறும் குடியிருப்பு'. அதனால் அது பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியலிலிருந்தே விடுபட வாய்ப்புண்டு.

கண்காணிப்புக்கு ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டியை மாதம் இரண்டு முறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும், கழுவ வேண்டும் என்பது ஊராட்சிகளில் நடைமுறை. கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதுவார்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். சுகாதார ஆய்வாளர் தெருக்கோடிக் குழாயில் நீர் பிடித்து, சிறு குழலில் மருந்து சொட்டுவிட்டு, மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். கடைசி வீட்டில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். இது நடப்பதற்குக் காரணம் எளியது. குளோரின் தவறினால் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம், மறுநாள் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல். புளோரைடு தவறினால் பல்லில் தெரிய ஏழெட்டு ஆண்டு, எலும்பில் தெரிய பத்து இருபது ஆண்டு ஆகும். அதற்குள் அந்த ஊரின் அலுவலர்கள் எத்தனை முறை மாறியிருப்பார்கள்?

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரை பொங்கும்போதெல்லாம் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் செய்தியாளர்களும் வந்துவிடுகிறார்கள். வர வேண்டியதுதான். புளோரைடு நுரைக்காது.

பொறுப்பு எங்கே பிரிகிறது என்பதைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ஊரின் தரைமட்டத் தொட்டிவரை தண்ணீரைக் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி வீடுகளுக்கு விடுவது ஊராட்சி. ஊராட்சிக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். குளோரின் பார்ப்பது சுகாதாரத் துறை. இந்தியாவில் முன்னோடியான 1939ஆம் ஆண்டு மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பதால், குடிநீரைப் பற்றிக் கேட்கும் அதிகாரம் அந்தத் துறைக்கு உண்டு. புளோரோசிஸ் நோயாளிகளைப் பார்ப்பது 2008-09இல் தொடங்கிய தேசிய புளோரோசிஸ் தடுப்புத் திட்டம். தர்மபுரியும் அதில் ஒரு மாவட்டம். அங்கன்வாடி சமையல் தண்ணீர் இன்னொரு துறை. கேன் தண்ணீர் உணவுப் பாதுகாப்புத் துறை. வாரியம் தன் தண்ணீரைச் சோதித்து 'சரி' என்று எழுதினால் அது பொய்யல்ல. ஊராட்சியின் போர் சோதனையில் 'புளோரைடு அதிகம், குடிக்க உகந்ததல்ல' என்று வந்தால் அதுவும் உண்மை. இரண்டும் கலந்த பிறகு வரும் தண்ணீருக்கான எண் மட்டும் யார் கோப்பிலும் முறையாக ஏறுவதில்லை.

ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதலில், ஒவ்வொரு நீராதாரத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ரசாயனப் பரிசோதனையும், மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை கிருமிப் பரிசோதனையும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருவதும் அதில் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் புளோரைடுக்கு ஆண்டுக்கு ஒன்று போதாது. மழைக்குப் பின் நீர் ஊறி அளவு குறையும் போர்களும் உண்டு, பாறையிலிருந்து கரைந்துவந்து கூடும் போர்களும் உண்டு. ஏப்ரல்-மே ஒன்று, டிசம்பர்-ஜனவரி ஒன்று என்று எடுத்தால்தான் ஒரு போரின் குணம் புரியும்.

மாதிரி எடுப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. போரில் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கிய தண்ணீர் போரின் தண்ணீர் அல்ல. கண்ணாடிப் பாட்டில் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில்தான். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். பாட்டிலில் ஊர், தெரு, தேதி, நேரம் எழுதுவதோடு 'தொட்டி கடைசியாக எதனால் நிரம்பியது' என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். இந்த வரி இல்லாத முடிவுக்கு இந்த மாவட்டங்களில் மதிப்பே இல்லை. காலையில் ஒகேனக்கல் நீர் ஏறிய அரைமணியில் எடுத்தால் 0.4 வரும். மாலையில் போர் ஓடிய பிறகு எடுத்தால் 2 வரும். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்து அன்று போரை நிறுத்திவிட்டால் எடுத்த உழைப்பெல்லாம் வீண்.

களப் பெட்டியில் பரவலாக இருப்பது சாயமுறை. தண்ணீரில் மருந்தைச் சேர்த்ததும் இளஞ்சிவப்பு வரும். புளோரைடு கூடக் கூட அது மஞ்சளை நோக்கி நகரும். வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். மருந்து காலாவதியாகியிருந்தால், குழலில் சோப்பு ஒட்டியிருந்தால், தண்ணீரில் குளோரின் அதிகமிருந்து சாயத்தை வெளுத்துவிட்டால், விடை தவறும். படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீரில் மிஞ்சும் அலுமினியம், புளோரைடைப் பிடித்துவைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். நிழலில் பார்ப்பதா வெயிலில் பார்ப்பதா என்பதே நிறத்தை மாற்றும். ஆகவே 1.0க்கு அருகில் வரும் எதையும் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, அயனி மின்முனைக் கருவியில் உறுதிசெய்ய வேண்டும். பெட்டியின் வேலை சந்தேகத்தை எழுப்புவதுதான்.

கலவையைக் கண்காணிக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர். அது புளோரைடை அளக்காது; தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பை மட்டும் காட்டும். ஆனால் ஆற்று நீருக்கும் உள்ளூர் போருக்கும் அந்த எண்ணில் பெரிய வேறுபாடு இருக்கும். இரண்டையும் தனித்தனியே ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் போதும். ஆறு 300, போர் 1,200 என்றால், குழாயில் 750 காட்டும் நாளில் கிட்டத்தட்டப் பாதி போர் தண்ணீர். போரின் புளோரைடு அளவு ஏற்கெனவே தெரிந்திருந்தால் குழாயின் அளவை ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடலாம். டேங்க் ஆபரேட்டர் தினமும் பதிவேட்டில் எழுதும் வரியோடு இந்த ஓர் எண்ணும் சேர்ந்தால் மாதக் கடைசியில் உண்மை தானாகத் தெரியும். 'இன்னிக்கு உப்புத்தண்ணி கலந்துட்டாங்க' என்று பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு சொல்வதை எழுத்தில் ஏற்றும் முறை இதுதான்.

உடலில் எங்கே பார்ப்பது? நிரந்தரப் பற்களின் எனாமல் தாடைக்குள்ளேயே உருவாகிறது. முன்பற்களுக்கு அது பிறப்பிலிருந்து ஏழெட்டு வயதுக்குள் முடிந்துவிடும். பல் வெளியே வந்த பிறகு புளோரைடு தண்ணீர் குடித்து அந்தப் பல்லில் இந்தக் கறை வராது. வந்த கறை துலக்கினாலும் போகாது. பத்து வயதுக் குழந்தையின் பல் சொல்வது இன்றைய தண்ணீரை அல்ல, அது கைக்குழந்தையாக இருந்த காலத்தின் தண்ணீரை. எனவே ஆரம்பப் பள்ளியில் பற்களைப் பார்த்து வெள்ளைத் திட்டு, மஞ்சள் கோடு, பழுப்புக் குழி என்று வகைப்படுத்தும் கணக்கெடுப்பு, தெருவாரியாக எழுதப்பட்டால், எந்தத் தொட்டியில் எப்போது என்ன ஓடியது என்பதற்கு ஆவணமாகிறது. ஒகேனக்கல் நீர் வந்த பிறகு பிறந்த குழந்தைகளுக்கும் கறை தெரிந்தால் அந்தத் தெருவின் வால்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு மூன்று அசைவுகள்: முழங்கால் மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது, மோவாயை நெஞ்சில் படவைப்பது, கைகளைத் தூக்கிப் பின்தலையைத் தொடுவது. முடியாதவர்கள் எல்லோருக்கும் புளோரோசிஸ் என்று பொருளல்ல. ஆனால் 'வாதம்' என்று வலி மாத்திரை வாங்கிப் போவதற்கு முன் முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர் புளோரைடு பரிசோதனையும் கேட்க வேண்டியவர்கள் இவர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை குறித்து ஒரு தவறான நம்பிக்கையை முதலில் விலக்க வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் வற்றும் அளவுக்கு அது கூடவே செய்யும். பிளீச்சிங் பவுடர், மண்பானை, துணி வடிகட்டி எதுவும் இதைத் தொடாது. ஆர்.ஓ. குறைக்கும், சவ்வு நல்ல நிலையில் இருக்கும்வரை. அது பாதிக்குப் பாதி தண்ணீரைக் கழிவாக வெளியேற்றும். அந்தக் கழிவில் புளோரைடு செறிந்திருக்கும், அதை போர் பக்கத்துக் குழியில் விடுவது நல்லதல்ல. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்கும் நல்கொண்டா முறை ஊர் அளவில் பலிக்கும். அளவு தப்பினால் அலுமினியம் மிஞ்சும், சேறு அகற்ற ஆள் வேண்டும். ஆற்று நீர் கிடைக்கும் ஊரில் இவ்வளவு பாடு தேவையில்லை. நாளுக்கு ஒருவருக்கு 8 முதல் 10 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும், கலப்பில்லாமல் கிடைத்தால் போதும்.

சமைக்கவும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேன் தண்ணீரைக் குடித்துவிட்டு உலைக்கு போர் தண்ணீரை வைக்கும் வீடுகள் ஏராளம். இது ராகி விளையும் பூமி. களி கிளறும்போது ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி களியிலேயே தங்குகிறது, அதிலிருக்கும் புளோரைடும் தங்குகிறது. ராகியின் கால்சியம் புளோரைடை ஓரளவு தடுக்கக்கூடிய நல்ல உணவு. அதைப் புளோரைடு தண்ணீரில் கிளறுவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுப்பது. தாய்ப்பாலில் புளோரைடு மிகமிகக் குறைவு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது. போர் தண்ணீரில் கரைத்த பால்மாவு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடும்.

ஆகவே எந்தக் குழாயை முதலில் சோதிப்பது என்றால், அங்கன்வாடியின் குழாயை. பிறகு சத்துணவுக் கூடம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஒகேனக்கல் தரைமட்டத் தொட்டியிலிருந்து நேரடியாகத் தனி இணைப்பு கொடுப்பது ஊராட்சியின் வசதிக்குள் அடங்கும் வேலைதான்: சில நூறு அடி குழாய், ஒரு வால்வு, 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. பெரிய தொட்டியைப் பிரிக்க முடியாத ஊரில், திட்ட நீர் ஏறும் நேரத்தைக் காலை குடிநீர் நேரம் என்று அறிவித்து, போரை மாலைக்குத் தள்ளலாம். தொட்டி காலியான பிறகே அடுத்த தண்ணீர் ஏற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு வரும் போரில் புளோரைடு அதிகமென்றால் 'குடிக்கவோ சமைக்கவோ கூடாது' என்று தொட்டியிலேயே பெரிதாக எழுத வேண்டும்.

மார்ச் 22 உலக தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடுகிறது. அங்கே கேட்க வேண்டியவை இவை: ஊராட்சியின் ஒவ்வொரு போருக்கும் கடைசியாக வந்த புளோரைடு எண் என்ன, எந்தத் தேதியில் வந்தது? கடந்த மாதம் தரைமட்டத் தொட்டிக்கு வந்த ஒகேனக்கல் நீர் எத்தனை லிட்டர், போர் மோட்டார் ஓடியது எத்தனை மணி நேரம்? கலந்த பிறகு குழாயில் எடுத்த மாதிரி எது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அடுத்த 5ஆம் தேதி தொட்டி கழுவி நிரப்பிய அன்று காலையும் மாலையும் அங்கன்வாடிக் குழாயில் இரண்டு பாட்டில் பிடித்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று தீர்மானம் எழுதி, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லலாம்.